முதல்ல ரப்பரைப் பாரு மாப்ள

வா மாப்ள, திண்ணையில உக்காரு. வண்டி தெருமுனை திரும்புறப்பவே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. சைலென்சர் சத்தத்தை வச்சுக் கண்டுபுடிச்சேன்னு நெனச்சுக்காதே. முன்னாடி இடது பக்கம் லொடக்கு லொடக்குன்னு ஒரு தாளம் வருது பாரு, அதை வச்சுத்தான். திருவையாத்துல பொறந்தவன் வண்டி தாளம் இல்லாம ஓடுமா?

லான்சர் செடியா. ‘ஜப்பான் வண்டி, ஸ்போர்ட்ஸ் வண்டி’ன்னு ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியறியாமே, உங்கம்மா சொன்னா. வரஞ்சது ஜப்பான்காரன்தான், நான் இல்லேங்கலை. பூட்டுனது நம்ம திருவள்ளூர்ல. அம்பாசிடர் செஞ்ச அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ்காரங்க 1998-லேர்ந்து அங்க லான்சர் பூட்டுனாங்க. 2006-ல இந்த செடியாவை எறக்குனாங்க. ரெண்டு லிட்டர் பெட்ரோல், 115 குதிரை. முன்னால மெக்பர்சன் ஸ்ட்ரட், பின்னால மல்டி லிங்க். நல்ல ஜாதகம்தான். ஃபின்லாந்துக்காரர் டொம்மி மாக்கினன் 1996-லேர்ந்து 1999 வரைக்கும் நாலு வருஷம் தொடர்ந்து உலக ராலி சாம்பியன் ஆனது லான்சர் எவல்யூஷன்லதான். ஒன் வண்டிக்கும் அதுக்கும் பேர்ப் பொருத்தம் இருக்கு, ஒத்துக்கறேன். என் மச்சினன் பேருகூட ராஜராஜன்தான். அவன் கட்டுன மாட்டுக் கொட்டாய் போன மழையிலயே சாஞ்சுபோச்சு.

சரி, செலவு பண்ணப் போறேன்னு போன்ல என்னமோ லிஸ்ட்டு வச்சிருக்கியாமே, படி கேப்போம். காயில் ஓவர். ம். லோவரிங் ஸ்பிரிங். இரு இரு, காயில் ஓவர்லயே ஸ்பிரிங் சேந்துதானே வருது? அதுக்கப்புறம் தனியா ஒரு ஸ்பிரிங் யாருக்கு, உங்கப்பாவுக்கா? அப்புறம்? ஸ்டெபிலைசர் பார். ஸ்ட்ரட் பார். 17 இஞ்சு அலாய் வீல். பாலியூரித்தேன் புஷ். டயர், ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’. பிரமாதம். லிஸ்ட்டுல ஒரு தப்பும் இல்லை மாப்ள. தலைகீழாப் புடிச்சிருக்கே, அவ்வளவுதான். கீழேர்ந்து மேல படி.

போய் அந்த டயர் ஓரத்துல குனிஞ்சு பாரு. டி.ஓ.டி.ன்னு ஆரம்பிச்சு நீளமா எழுத்து இருக்கும். அதுக்குக் கடைசியில நாலு நம்பர். என்ன போட்டிருக்கு? 3416-ஆ? முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். 2016-ல முப்பத்து நாலாவது வாரம் பொறந்த டயர் அது. ‘பட்டன் இன்னும் இருக்கு மாமா’ன்னு சொல்லாதே. சட்டத்துக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தா போதும், அது வேற கணக்கு. நகத்தை வச்சு அழுத்திப் பாரு. எறங்குதா? எங்கேர்ந்து எறங்கும்? சித்திரை வெயில்ல ஆபீஸ் வாசல்ல தெனமும் காய வச்சு எடுத்திருக்கே. அந்த டயரோட ஐப்பசி அடைமழையில ரவுண்டானா திரும்பு, ஒன் காயில் ஓவர் என்ன செய்யும்? வண்டி வயலுக்குள்ள எறங்குறப்ப ஆடாம அசையாம எறங்கும். அந்த சொகுசு உண்டு.

ரோட்டைத் தொடுறது நாலே நாலு எடம். ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூட. மத்த சாமான் அத்தனையும் அந்த நாலு எடத்தையும் தரையோட ஒட்ட வைக்கத்தான் பாடுபடுது. ஒட்டறதே ஒட்டாதுன்னா, மேல என்ன தங்கத்துல செஞ்சு மாட்டுனாலும் அது சிங்காரம்தான். கம்பெனி சொன்ன அளவுலயே நல்ல டயர் நாலு வாங்கு. எம்.ஆர்.எஃப். வாங்குவியோ வேற வாங்குவியோ, அது ஒன் இஷ்டம். எம்.ஆர்.எஃப்.காரங்க 1946-ல திருவொற்றியூர்ல பலூன் செஞ்சு ஆரம்பிச்சவங்க, தெரியுமோ? பலூன்லேர்ந்து டயருக்குப் போனாங்க. நீ டயர்லேர்ந்து பலூனுக்குப் போயிக்கிட்டிருக்கே. காத்து, காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாதப்ப பாக்கணும். கதவைத் தொறந்தா தூண்ல ஒட்டியிருக்கற சீட்டுல எவ்வளவுன்னு இருக்கு. காத்து அடிக்கிற பையன் ‘முப்பத்தஞ்சு வைக்கவாண்ணே’ன்னா தலையாட்டாதே. தலையாட்டி பொம்மை நம்ம ஜில்லாச் சரக்குதான், அதுக்காக நீயும் ஆகணும்னு இல்லை.

17 இஞ்சு அலாயா? போட்டா பாக்க லட்சணமாத்தான் இருக்கும். வீல் பெருசாக ஆக டயரோட ரப்பர் சொவரு ஒல்லியாயிடும். பள்ளத்துல உழுந்தா அடியை முழுங்கறதுக்கு அங்க ஆள் இருக்காது, நேரா வீல் வாங்கிக்கும். நம்ம ரோட்டைப் பத்தித்தான் ஒனக்குத் தெரியுமே. கேஜ் வீல் மாட்டுன டிராக்டர் ஒரு தடவை தார் ரோட்டுல போச்சுன்னா, அன்னிக்கே ரோட்டுக்கு அம்மை போட்ட மாதிரி ஆயிடும். போடக்கூடாதுன்னு சட்டம். போடறவன் ஒன் பெரியப்பன்.

இப்ப அந்த லொடக்குக்கு வருவோம். வண்டியை ஜாக்கியில தூக்கு, ஸ்டாண்டு வை. வெறும் ஜாக்கியை நம்பி உள்ள போகாதே, உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது. உள்ள படுத்து, லோயர் ஆர்ம் பிரேமோட சேர்ற எடத்துல டார்ச் அடி. இரும்பு வளையத்துக்கு நடுவுல கருப்பா ஒரு ரப்பர் இருக்கும், அதுதான் புஷ். சின்னக் கடப்பாரையை இடுக்குல குடுத்து லேசா நெம்பு. நல்ல புஷ்னா கொஞ்சமா அசைஞ்சு, விட்ட ஒடனே பழைய எடத்துக்கு வந்துடும். ஒன்னுது வாயைப் பொளக்கும் பாரு. ரப்பர்ல வெடிப்பு, ஓரத்துல தூள் தூளா உதிர்வு. ‘வண்டி அதிகமா ஓடலை மாமா’ம்பே. ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் இல்லை, வயசுக் கணக்கும் உண்டு. இன்ஜின் சூடு, வெயில், காத்து, ஷெட்டுல சும்மா நின்னாக்கூட காஞ்சு வெடிக்கும். எனக்கு முட்டிக்குள்ள சவ்வு தேஞ்சு கெடக்கு. நீ எனக்கு ஓட்டப்பந்தய ஷூ வாங்கிக் குடுத்தா நான் பெரிய கோயிலைச் சுத்தி ஓடிடுவேனா?

அதனால, பழைய வண்டியில நீ வைக்கக்கூடிய பெரிய அப்கிரேடு, அந்த வண்டி புதுசுல எப்படி இருந்துச்சோ அங்க கொண்டுபோறதுதான். நீ இந்த வண்டியை அதோட இளமையில ஓட்டுனவன் இல்லை. தேஞ்சுபோனதை ஓட்டிட்டு, கம்பெனிக்காரன் சரியாச் செய்யலைன்னு அவனைத் திருத்தக் கெளம்பிட்டே. அவன் செஞ்சதை முதல்ல கண்ணால பாரு. அப்புறம் திருத்து, யார் வேண்டாங்கறா.

லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராடு, டை ராடு எண்டு, ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷு, பின்னால மல்டி லிங்க்ல இருக்கற சில்லறை புஷ்ஷுங்க. சாமான் ஒண்ணொண்ணும் வெலை கம்மிதான். கழட்டி மாட்டற கூலிதான் கூட. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதனாலதான் சொல்றேன், தொறக்கறப்ப ஒட்டுக்காத் தொற. இந்த மாசம் ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணுன்னு போனேன்னா, கழட்டுனதையே கழட்டி ஒன் மெக்கானிக் மாடி கட்டிடுவான். அந்த வண்டிக்கு இப்ப கம்பெனிக் கடையும் கெடையாது. சாமான் தேடி மெட்ராஸ் புதுப்பேட்டைக்குத்தான் போவே. போ, கதவு வாங்கு, கண்ணாடி வாங்கு, லைட்டு வாங்கு. பழைய ஷாக்கும் பழைய புஷ்ஷும் மட்டும் வாங்காதே. அதுக்கும் ஒன் வண்டி வயசுதான் ஆகியிருக்கும், அடையாளம் தெரியாம கழுவி வச்சிருப்பாங்க.

ஒரு சூட்சுமம் சொல்றேன், இதை உன் மெக்கானிக்குக்கு நான் சொன்னேன்னு சொல்லாதே, கோச்சுக்குவான். புது புஷ் போட்டு ஆர்ம்மை மாட்டுனதும், வண்டி ஆகாசத்துல தொங்கறப்பவே போல்ட்டை முறுக்கிடுவாங்க. அப்ப சக்கரம் கீழ தொங்கிக்கிட்டு இருக்கும். எறக்கி வச்சதும் ஆர்ம் மேல ஏறும், நடுவுல கடிச்சுப் புடிச்சிருக்கற ரப்பர் திருகிக்கும். நிக்கறப்பவே முறுக்கிக்கிட்டு நிக்கற ரப்பர் எத்தனை நாளைக்கு வரும்? சீக்கிரமே கிழியும். ‘லோக்கல் சாமான்ணே, தாங்கலை’ன்னு பழியை சாமான் மேல போட்டுடுவான். போல்ட்டை லேசாப் புடிச்சு வச்சுட்டு, நாலு சக்கரமும் தரையில எடையோட நிக்கறப்பதான் கடைசி முறுக்கு. பக்கத்துலயே நின்னு பாரு. டீ சாப்பிட போறேன்னு போயிடாதே.

பாலியூரித்தேன்தான் வேணுமா? அது ரப்பரை விட விறைப்பு. ஸ்டியரிங் கூர்மையாகும், உண்மைதான். ஆனா ரப்பர் முழுங்குற அதிர்ச்சியெல்லாம் ஒன் முதுகுக்கு வரும். கிரீஸ் காஞ்சா கீச்சுக் கீச்சுன்னு பாடும். தை மாசம் தியாகராஜர் ஆராதனைக்கு ஒன் வண்டியையும் பந்தல்ல ஏத்திடுவாங்க. தெனம் ஆபீஸ் போற வண்டிக்கு ரப்பரே போதும்.

ஷாக்குக்கு வருவோம். இதுதான் நம்ம ஊர்ல ரொம்ப முக்கியம். நீ தெனமும் போற ரோட்டை யோசிச்சுப் பாரு. இங்கேர்ந்து தஞ்சாவூருக்குக் காவேரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறுன்னு அஞ்சு ஆறு. அஞ்சு ஆத்துக்கும் பாலம், ஒவ்வொரு பாலத்துக்கும் ரெண்டு முனை. பாலம் அடியாழத்துல தூண் எறக்கி நிக்குது, அசையாது. பாலத்தோட சேர்ற ரோடு, கொட்டுன மண்ணு மேல நிக்குது. நம்ம ஊர் களிமண்ணு மழையில ஊதும், கோடையில சுருங்கி வெடிக்கும். வருஷா வருஷம் ரோடு கொஞ்சம் எறங்கும், பாலம் எறங்காது. அந்த முனையில ஒரு படி விழும். பாலத்துக்கு முன்னாடி ஒரு குதி, பின்னாடி ஒரு குதி.

அந்தக் குதியில என்ன ஆகுதுன்னு தெரியுமா? எடையைத் தாங்கறது ஸ்பிரிங்கு. அது அமுங்கும், திரும்ப எழும்பும், விட்டா எழும்பிக்கிட்டே இருக்கும். அதை அடக்கறது ஷாக்கு. உள்ள எண்ணெய், அதுக்குள்ள பிஸ்டன், பிஸ்டன்ல பொடி ஓட்டை. எண்ணெய் அந்த ஓட்டை வழியா திணறிப் போறப்ப ஆட்டம் சூடா மாறி அடங்கிடும். ஷாக்கு செத்த வண்டி பாலம் தாண்டியும் ரெண்டு மூணு தடவை ஆடும். ஆடி மேல போற நேரத்துல டயருக்கு ரோட்டு மேல அழுத்தம் கெடையாது. அந்த நொடியில குறுக்க ஒரு டி.வி.எஸ். 50 வந்து பிரேக் அடிச்சேன்னா, ஒன் 115 குதிரையும் ஒண்ணும் செய்யாது.

பானெட்டை அமுக்கிப் பாத்து ‘ஒரே ஆட்டத்துல நின்னுடுச்சு மாமா’ன்னு சொல்லாதே. ரொம்பச் செத்துப்போனதை மட்டும்தான் அது காட்டும். ஷாக்குல எண்ணெய்க் கசிவு இருக்கா, டயர்ல அலை அலையாத் தேய்மானம் இருக்கா, அதைப் பாரு. மாத்துனா முன்னால ஜோடியா, பின்னால ஜோடியா மாத்து. ஒத்தைக்காலுக்கு மட்டும் புதுசு மாட்டாதே. மேல இருக்கற ஸ்ட்ரட் மவுண்டு, அதுல இருக்கற பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை, நாலும் சேந்தே போகணும். அதை விட்டுட்டு ஷாக்கு மட்டும் மாத்துனா, ஸ்டியரிங் திருப்பறப்ப ‘டங்’குனு கூப்பிடும்.

இத்தனையும் ஆனப்புறம் ஒரு தடவை தஞ்சாவூர் போயிட்டு வா. பாதிப் பேருக்கு லிஸ்ட்டு அங்கயே முடிஞ்சுடும்.

முடியலைன்னா? லோ பண்ணியே ஆகணும்னு ஆசை இருக்கும், வயசு அப்படி. அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, ஸ்பிரிங்கை வெட்டறது. பட்டறையில லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி அருவா அடிப்பாங்க, நல்லா வரும், சாணை புடிச்சா மின்னும். காயில் ஸ்பிரிங்கை வெட்டுனா அருவாவும் வராது, வண்டியும் வராது. சுத்து கொறைஞ்சா ஸ்பிரிங் விறைச்சுக்கும். பழைய ஷாக்குக்கு அந்த விறைப்பை அடக்கத் தெம்பு இருக்காது. வெட்டுன முனை உக்கார எடத்துல சரியா உக்காராது. சக்கரம் தொங்கறப்ப நழுவி வெளியில வந்தாலும் ஆச்சரியம் இல்லை. ரெண்டாவது வழி, செஞ்சே விக்கிற லோவரிங் ஸ்பிரிங். அதுக்கும் அளவு இருக்கு. மெக்பர்சன் வண்டியில ரொம்ப எறக்குனா, தரைக்கு மட்டமா இருக்கற லோயர் ஆர்ம் வெளிப்பக்கமா மேல நோக்கிச் சாயும். வண்டி எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயுதோ அந்தப் புள்ளி, வண்டி எறங்குனதை விடக் கூட எறங்கிடும். அப்ப திரும்புறப்ப சாய்வு கொறையறதுக்குப் பதிலா கூடக்கூட செய்யும். பள்ளத்துல உழுந்தா ஸ்டியரிங் தானா ஒரு பக்கம் இழுக்கும். எறக்கிட்டா ரேஸ் வண்டின்னு நெனைக்கிறவனுக்கு இந்தக் கணக்கு கசக்கும்.

அதெல்லாம் விடு, தை மாசத்துல எப்படி வீட்டுக்கு வருவே? சம்பா அறுப்பு முடிஞ்சா ரோட்டுல பாதி நெல்லு. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதம்னு நிக்கறான், காய வைக்க களம் எங்க இருக்கு? ரோடுதான் களம். கல்லு அணைகட்டி, கம்பு நட்டு, சாக்கு போட்டு வச்சிருப்பாங்க. உன் முன் பம்பர் ரெண்டு மரக்கா நெல்லை வாரிக்கிட்டுப் போகும். அந்த நெல்லுக்காரி வாயை நீ கேட்டதில்லை. பங்குனி சித்திரையில இன்னும் மோசம், உளுந்துக் கொடியைப் பரப்பி வச்சிருப்பாங்க. கார் ஏறி மிதிச்சா அவங்களுக்குக் கூலி மிச்சம். அடிவயிறு தரையைத் தொடுற வண்டியில காஞ்ச கொடி சுருட்டிக்கிட்டு டிரைவ் ஷாப்ட்ல மாட்டும், கொதிக்கிற சைலென்சர் குழாயில ஒட்டும். தீப்புடிக்கும் மாப்ள, வெளையாட்டு இல்லை. அந்த மாதிரி எரிஞ்ச கார் நம்ம பக்கத்துல உண்டு. ஒன் சாம்பியன் வண்டி உளுந்துல எரிஞ்சுதுன்னா இன்ஷூரன்ஸ்காரனுக்கு என்னன்னு எழுதுவே?

இன்னொண்ணு. கம்பெனி செஞ்ச அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு. மோட்டார் வாகனச் சட்டத்துல 52-வது பிரிவு. தேஞ்ச ஷாக்குக்கு அதே அளவுல நல்ல ஷாக்கு போடறதை எவனும் கேக்கப் போறதில்லை. ரோட்டை நக்கிக்கிட்டுப் போற வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டு போனா, அங்க இருக்கறவர் ஒன் முகத்தை விட்டுட்டு கீழதான் பாப்பார்.

திருவாரூர் ஆழித்தேரைப் பாத்திருக்கேல்ல? 96 அடி உசரம், எடை முந்நூறு டன் தாண்டும். ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக்கும் இல்லை. முட்டுக்கட்டை போடறவங்க கையிலதான் ஸ்டியரிங். அதுக்கு திருச்சி பெல் கம்பெனிக்காரங்க கை வச்சப்ப எதுல வச்சாங்க? இரும்புச் சக்கரம், இரும்பு அச்சு, ஹைட்ராலிக் பிரேக். தரையில படுற எடத்துலதான் வேலையை ஆரம்பிச்சாங்க, கலசத்துல இல்லை. நீ கலசத்துல ஆரம்பிக்கிறே.

ஸ்டெபிலைசர் பார் கேட்டியே, அது ஒண்ணும் கெட்ட சாமான் இல்லை. திரும்புறப்ப சாய்வைக் கொறைக்கும், நேரா போறப்ப சொகுசைப் பெருசாக் கெடுக்காது. டயர், புஷ்ஷு, ஷாக்கு மூணும் ஆகி, இன்னும் கை அரிச்சா அதைப் பண்ணு. லோவரிங் ஸ்பிரிங்கை விட எனக்கு அதுதான் பிடிக்கும். ஸ்ட்ரட் பார், பானெட்டைத் தொறந்து காட்டறதுக்கு நல்லா இருக்கும். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போறப்ப தொறந்து வை.

காயில் ஓவர்? அது உயரத்தையும் விறைப்பையும் திருகித் திருகி மாத்தறவனுக்கு. 1990-லேர்ந்து இருங்காட்டுக்கோட்டையில ரேஸ் டிராக் இருக்கு, கோயம்புத்தூர்ல காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. அங்க போயி மணிக்கணக்கா சுத்தி, நேரம் குறிச்சு, ஒரு திருகு குறைச்சு ஒரு திருகு கூட்டி ஓட்டறவன் வாங்கட்டும். நீ ஓட்டறது கண்டியூர்ல ஸ்கூல் வேனுக்குப் பின்னாடி. மலிவா வர்ற காயில் ஓவர் நம்ம சேத்துலயும் தூசியிலயும் ரெண்டு மழைக்குள்ள துரு புடிச்சு நிக்கும். அப்புறம் திருகவும் முடியாது, கழட்டவும் முடியாது.

எல்லாம் மாட்டுன பிறகுதான் வீல் அலைன்மென்ட். நடுவுல பண்ணிக் காசைத் தொலைக்காதே. அச்சடிச்சுக் குடுக்கற காகிதத்துல பச்சையா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வந்துடாம, முன் சக்கரம் ரெண்டுக்கும் கேம்பர் ஒரே மாதிரி வந்திருக்கான்னு பாரு. வரலைன்னா எங்கயோ ஒரு ஆர்ம் வளைஞ்சிருக்கு, இல்லை பழைய ஆக்சிடென்ட்டை வித்தவன் சொல்லாம வித்துட்டான்.

காயில் ஓவருக்கும் அலாயுக்கும் எவ்வளவு எடுத்து வச்சிருக்கே? அடேங்கப்பா. டயர், புஷ்ஷு, ஷாக்கு, கூலி எல்லாம் போக அதுல நல்லாவே மிஞ்சும். இல்லை, உன் காசு, நான் ஏன் கேக்கறேன். போர் மோட்டார் எரிஞ்சு ரீவைண்டிங் கடையில கெடக்கு, நாத்தங்காலுக்குத் தண்ணி இல்லை. மாமாவுக்குத் திருப்பித் தர வக்கு இல்லைன்னு நெனைக்காதே, குறுவை முடிஞ்சதும் குடுத்துடறேன். கெளம்பு, போற வழியில அந்தக் கடையில எறங்கி என் பேரைச் சொல்லு.